சத்தம் போட்ட காரும் எழுந்து வராத தெருவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் பெருமாள்புரத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒரு கார் திருட்டுப் போய்விட்டது. எதிர்வீட்டு வாத்தியாருடைய கார். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி; ஆனால் அவர் துடைத்து வைத்திருக்கும் அழகைப் பார்த்தால் போன வாரம் வாங்கியது போல இருக்கும். வீட்டுக்குள் நிறுத்த இடம் கிடையாது. தெருவோரம் வேப்ப மரத்தடியில்தான் நிற்கும்.

அன்று இரவு ஒன்றரை மணி வாக்கில் அந்தக் காரின் அலாரம் கத்தியது. வாத்தியார் மாடியிலிருந்தே ரிமோட்டை அமுக்கி நிறுத்தினார். இருபது நிமிடம் கழித்து மறுபடியும் கத்தியது. மறுபடியும் நிறுத்தினார். மூன்றாவது முறை கத்தியபோது பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ கோபமாகச் சத்தம் போட்டார்கள். வாத்தியார் கூச்சப்பட்டு, அலாரத்தையே அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பால்காரர்தான் முதலில் கேட்டார், "சார், காரை எங்கே?" என்று. தெரு முழுக்க வேப்பஞ் சருகு கிடந்தது. கார் நின்ற இடம் மட்டும் பெருக்கி விட்டது போல இருந்தது.

மூன்று முறையும் நான் விழித்திருந்தேன். பூனையாக இருக்கும் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். முப்பத்தைந்து வருடம் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்து, அலாரம் மாட்டிப் பிழைத்தவன் நான். போகிற போக்கில் டயரை உதைத்து அலாரத்தைக் கத்தவைத்து, சொந்தக்காரர் வெறுத்துப்போய் அதை அணைக்கும்வரை ஒதுங்கி நிற்பது கார் திருடர்களின் பழைய வழக்கம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த நானே எழுந்து போகவில்லை. அந்த உறுத்தல் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். அலாரம் வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவம் கொஞ்சமாவது பயன்படட்டும்.

நான் நெல்லை வண்ணார்பேட்டையில் கடை போட்டது 1984-ல். அப்போது ரோட்டில் ஓடியவை அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும்தான். மாருதி 800 அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. அந்தக் காலத்து வாடகைக் கார் டிரைவர்கள் குற்றாலத்துக்குச் சவாரி போனால், பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டாரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போவார்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அது. அது இல்லாமல் பிளக்குக்குக் கரண்ட் போகாது. எவன் வந்து என்ன செய்தாலும் வண்டி கிளம்பாது. ஒரு சத்தமும் கிடையாது, ஒரு பைசா செலவும் கிடையாது. அதைவிட நல்ல திருட்டுத் தடுப்பை நான் பிற்பாடு அதிகம் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளில் அலாரம் வந்தது. வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணாச்சி, இதில் எது அதிகமாகக் கத்தும்?" கடை வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கத்தவிட்டுக் காட்டச் சொல்வார்கள். நானும் பெட்டியில் 120 டெசிபல் என்று போட்டிருப்பதைக் காட்டி விற்றேன். இன்றைக்கு யோசித்தால் அந்தக் கேள்வியே தவறு என்று தோன்றுகிறது. கத்துவது என்பது யாரோ ஒருவரைக் கூப்பிடுவது. கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருக்க வேண்டும். ஆள் வராவிட்டாலும் வண்டி நகரக் கூடாது. எனவே, வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "இது வண்டியைக் கிளம்பவிடாமல் நிறுத்துமா?" என்பதுதான்.

இப்போது வரும் கார்கள் பலவற்றில் அந்த வசதி கம்பெனியிலிருந்தே வருகிறது. இம்மொபிலைசர் என்பார்கள். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கும். அதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவி போடும் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அந்தச் சிப்பைப் படித்து, சரியான சாவிதானா என்று இஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இல்லையென்றால் இஞ்சின் ஓடாது. சாவி செய்கிறவரிடம் வெறும் சாவி வெட்டி வாங்கினால் கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. கனடாவில் 2007 செப்டம்பரிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் இது இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். உங்கள் காரில் இது உண்டா என்று கையேட்டைப் பாருங்கள். உண்டு என்றால் அலாரத்துக்குப் பெரிய தொகை செலவழிக்கத் தேவையில்லை. கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்குகிறவனுக்காக மட்டும் ஓர் அலாரம் இருந்தால் போதும்.

வாத்தியாருடையது போன்ற பழைய காருக்குத்தான் யோசித்து வாங்க வேண்டும். அலாரப் பெட்டியோடு ஒரு ரிலே கொடுப்பார்கள்; வயரில் போகும் கரண்டைத் தானாகவே வெட்டிச் சேர்க்கும் சின்ன சுவிட்ச் அது. அதை எந்த வயரில் சேர்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

2011-ஆம் வருடம் ஒருவர் கார் கொண்டுவந்தார். விலை குறைந்த அலாரம் ஒன்றை அவரே வாங்கி வந்திருந்தார். பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரில் ரிலேயைச் சேர்க்கும்படி அதன் தாளில் படம் போட்டிருந்தது. அப்படியே செய்து கொடுத்தேன். நாலு மாதம் கழித்து ஒரு இரவு அவரிடமிருந்து போன் வந்தது. நாகர்கோவிலிலிருந்து குடும்பத்தோடு திரும்பும்போது மூன்றடைப்புப் பக்கம் நாற்கரச் சாலையில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கையில் இஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கனத்துவிட்டது, பிரேக் கட்டையாகிவிட்டது. பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போயிருக்கிறது. நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவருடைய அம்மா சாலையோரத்தில் பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிலேயின் உள்முனை கருகிப்போயிருந்தது. பத்து ரூபாய் சாமான். அதைப் பிடுங்கி எறிந்து, வயரை நேராகச் சேர்த்து, அவர்களை வீடுவரை கொண்டுவந்து விட்டேன். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அன்றிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் வயரைத் தவிர வேறு எதையும் நான் வெட்டியதில்லை. ஸ்டார்ட்டர் வண்டி கிளம்பும் அந்த இரண்டு நொடிக்குத்தான் வேலை செய்கிறது. அதில் வைத்த ரிலே கெட்டுப்போனால் நின்ற வண்டி கிளம்பாமல் போகலாம், ஓடுகிற வண்டி ஒருநாளும் நிற்காது. அலாரம் மாட்டப் போகிறவர்கள் கடைக்காரரிடம் இந்த ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "எந்த வயரை வெட்டப் போகிறீர்கள்?" சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள். இணைப்புகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். நம்மூர் வெயிலில் டேப்பின் பசை ஒரு கோடைக்குள் உருகி வழிந்துவிடும். புது வண்டியாக இருந்தால், வெளிக் கடையில் வயரை வெட்டினால் வாரண்டி என்னாகும் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அதிர்வு சென்சார். வாத்தியார் காரைப் பறிகொடுத்ததற்கு உண்மையான காரணம் இதுதான் என்பேன். அவருடைய அலாரம் அன்றைக்கு மட்டுமா கத்தியது? நாலு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தது. மாடு உரசினால் கத்தும், பிள்ளைகள் பந்து அடித்தால் கத்தும், ஆனி ஆடிக் காற்றுக்குக் கத்தும். நம் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் காற்றில்தான் இத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன. பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆனி பிறந்தாலே அலாரத்தைக் கழற்றிவிடச் சொல்லி என் கடைக்கு வருவார்கள். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக்குப் பக்கத்துச் சந்துகளில் நிறுத்திய கார்கள் மேளச் சத்தத்துக்கும் வேட்டுச் சத்தத்துக்கும் ஒன்றையடுத்து ஒன்று அலறுவதை நானே கேட்டிருக்கிறேன். இப்படி நூறு முறை வீணாகக் கத்திய அலாரம் நூற்றியோராவது முறை நிஜத்துக்குக் கத்தும்போது யார் எழுந்து வருவார்கள்?

சென்சாரில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகினால் உணர்வைக் கூட்டலாம், குறைக்கலாம். பெரும்பாலும் கடையில் அதைத் தொடுவதே இல்லை. பெட்டியில் வந்தபடியே மாட்டிவிடுகிறார்கள். கார் இரவில் எங்கே நிற்குமோ அங்கே நிறுத்திவைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். கடை வாசலில் சரிசெய்தது வீட்டு வாசலுக்குப் பொருந்தாது. உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கித் தட்டினால் கத்த வேண்டும். லாரி போனால் கத்தக் கூடாது. அந்த அளவுக்கு வரும்வரை கால் திருகு, அரைத் திருகாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அரை மணி நேர வேலை. இரண்டு நிலை சென்சார் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இலேசாகப் பட்டால் இரண்டு முறை கீச்சென்று எச்சரித்து நிறுத்திக்கொள்ளும். பலமாக இடித்தால்தான் முழுச் சத்தம் போடும். கதவு, டிக்கி, பானெட் மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்த அலாரமாக இருக்க வேண்டும். பானெட்டுக்குச் சுவிட்ச் வைக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பானெட் திறந்தால் பேட்டரி வயர் கைக்கெட்டும் தூரம். அதைப் பிடுங்கினால் சாதாரண சைரன் ஊமையாகிவிடும். உள்ளேயே சிறிய பேட்டரி வைத்த சைரன் கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனால் வயரைப் பிடுங்கினாலும் அது கத்திக்கொண்டிருக்கும்.

முன்னீர்பள்ளம், மேலச்செவல் போல வயல் சூழ்ந்த ஊர்களில் இருப்பவர்கள் எலியையும் கணக்கில் வைக்க வேண்டும். அறுப்பு முடிந்ததும் எலி பானெட்டுக்குள் குடிவந்துவிடும். கூடுதலாகப் போட்ட வயரைத் தொங்கவிடாமல், குழாய் உறைக்குள் விட்டுக் கட்டி வாங்குங்கள்.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள், வண்டி கிளம்பவில்லை என்று என்னைக் கூப்பிடுவது வழக்கம். காரணம் பல நேரம் அலாரம்தான். விழித்திருக்கும் அலாரம் எப்போதும் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டிருக்கும். பேட்டரி எவ்வளவு கரண்ட் சேமித்து வைக்கும் என்பதை ஆம்பியர்-ஹவர் என்ற கணக்கில் சொல்வார்கள். அலாரம் 20 மில்லி ஆம்பியர் குடித்தால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-ஹவர்கூட ஆகாது. ஒரு மாதம் தாங்கும். சில மலிவுச் சரக்கு 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை 30 நாளில் துடைத்து எடுத்துவிடும். மாட்டி முடித்ததும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல எலெக்ட்ரீஷியன் முகம் சுளிக்க மாட்டார்.

ரிமோட்டில் 'ரோலிங் கோட்' உண்டா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் புதுச் சங்கேதம் அனுப்புவது அது. எப்போதும் ஒரே சங்கேதத்தை அனுப்பும் ரிமோட்டை ஒட்டுக்கேட்டு நகல் எடுத்துவிட முடியும். பொத்தானை அமுக்கினால் ஓடும் புதுக் கார் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. சாவி வீட்டுக்குள் இருக்கும்போதே அதன் சிக்னலை வாங்கிக் கார்வரை கடத்திக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அந்தச் சாவியை வாசல் ஆணியில் மாட்டாமல், இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வையுங்கள். மூடிய டப்பாவோடு கார் அருகே போய்க் கதவைத் திறந்து பாருங்கள்; கதவு திறக்கவில்லை என்றால் டப்பா போதும்.

எந்த அலாரமும் காப்பாற்றாத ஓர் இடம் உண்டு. அது நம் ஆற்றங்கரை. ஒரு ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில், கோவில்பட்டியிலிருந்து வந்த ஒருவர் பேண்ட்டைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுத் தர்ப்பணம் கொடுக்கத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். சாவி பேண்ட் பையில். எடுத்தவனுக்கு எந்தக் கார் என்று தெரியாது. வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே ரிமோட்டை அமுக்கிக்கொண்டே நடந்திருக்கிறான். ஒரு கார் கீச்சென்று சத்தமிட்டு, நாலு விளக்கையும் சிமிட்டி, "நான்தான்" என்று சொல்லிவிட்டது. இரண்டு நாள் கழித்துக் கடையம் சாலையில் பெட்ரோல் தீர்ந்து நின்ற அந்த வண்டியை என் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். சாவியை மாற்றி, அந்தக் கீச்சுச் சத்தத்தை நிறுத்திக் கொடுத்தேன். குறுக்குத்துறையானாலும் குற்றாலமானாலும், குளிக்கப் போகிற கூட்டத்தில் ஒருவர் கரையில் இருக்க வேண்டும். சாவி அவர் கையில் இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் பூட்டையும் மட்டமாக நினைக்காதீர்கள். ஸ்டியரிங்கில் குறுக்கே போடும் இரும்புக் கம்பிப் பூட்டு, கியர் பூட்டு இவற்றை அறுக்க நேரம் ஆகும். திருடனுக்குத் தட்டுப்பாடு நேரம்தான். ஜி.பி.எஸ். கருவி நல்லதுதான், ஆனால் அதில் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிட்டால் வெறும் பெட்டிதான், மலைப்பக்கம் டவர் கிடைக்காத இடத்திலும் அப்படியே.

இன்சூரன்ஸ் விஷயத்தில் வாத்தியாருக்குப் பெரிய அடி. பழைய வண்டிதானே என்று மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தார். திருட்டுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் இரண்டு சாவியையும் பத்திரமாக வைத்திருங்கள். இழப்பீடு கேட்கும்போது இரண்டையும் கேட்பார்கள். திருட்டுத் தெரிந்த அன்றே போலீசில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை வாங்கிவிடுங்கள். உடனே புகார் கொடுத்திருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்பதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஃபாஸ்டேக் செய்தி வரும் கைப்பேசியையும் பக்கத்தில் வைத்திருங்கள். நாங்குநேரியிலோ கயத்தாற்றுப் பக்கமோ சுங்கச்சாவடியைக் கார் தாண்டினால் அது ஒரு தடயம். வாத்தியார் மூன்று நாள் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எந்தச் செய்தியும் வரவில்லை.

சென்ற வாரம் அவருடைய மகள் பழைய கார் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு 2019-லிருந்து நான் வேலை பார்ப்பதில்லை. இருந்தாலும் இந்த வண்டிக்கு நானே மாட்டினேன். ஸ்டார்ட்டர் வயரில் ரிலே, தனிப் பேட்டரி வைத்த சைரன், பானெட் சுவிட்ச். சென்சாரை வேப்ப மரத்தடியில் வைத்தே, இரண்டு நாள் இரவு காற்றையும் பார்த்துச் சரிசெய்தேன். இதுவரை ஒருமுறைகூட வீணாகக் கத்தவில்லை.

பிறகு நானும் வாத்தியாரும் தெருவில் ஏழு வீடு ஏறி இறங்கினோம். அன்று ஜன்னலிலிருந்து சத்தம் போட்டவர் வீட்டுக்கும் போனோம். இனி இரவில் இந்தக் கார் கத்தினால் யாரும் தனியாக வெளியே வர வேண்டாம், வாசல் விளக்கை மட்டும் போடுங்கள், ஒருவர் 100-க்கு போன் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். ஏழு வீட்டிலும் சரி என்றார்கள். என் வீட்டு வாசல் விளக்கின் சுவிட்சைக் கட்டில் பக்கமாக மாற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கார் எலெக்ட்ரீஷியன் ஒருவர்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.